முப்பத்தோரு பதிவுகள்

இறுதியாண்டுத் திட்டம். குழு எண் ஒன்பது.
பினாங்கு ஃபெர்ரியில் தொலைந்த பொருள்களுக்கு
ஓர் இணையச் செயலி.
நெட் இல்லாவிட்டாலும் திறக்க வேண்டும்,
பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் நடுவே
சிக்னல் தண்ணீரில் விழுந்துவிடும் என்பதால்.

நூரினுக்கு நிறமும் எழுத்துருவும்.
சீ ஹாவுக்கு சர்வர், பாஸ்வர்டு, எரிச்சல்.
எனக்கு சர்வீஸ் ஒர்க்கர்.
பெயர்தான் வேலையாள்,
மூன்று வாரம் என்னைத்தான் வேலை வாங்கியது.
பதிவுகளை ஏற்றுவது யுகேந்திரன்.
கஷ்டமில்லாத வேலை என்று நினைத்துக் கொடுத்தோம்.

பொருள், நிறம், தேதி என
மூன்று கட்டம்தான் வைத்திருந்தேன்.
'குறிப்பு' என்ற நான்காவதை
அவனே சேர்த்துக்கொண்டான்.

குடை. கறுப்பு. மார்ச் ஆறு.
குறிப்பு: ஒரு கம்பி மட்டும் யாரோடோ கோபித்துக்கொண்டிருக்கிறது.

ஹெல்மெட். சிவப்பு. மார்ச் ஒன்பது.
குறிப்பு: உள்ளே தேங்காயெண்ணெய் வாசம். தலையைக் காணோம்.

குழந்தைச் சப்பாத்து, இடது கால்.
குறிப்பு: வலது கால் வீட்டில் அழுதுகொண்டிருக்கும்.

மலாயில்தான் எழுதினான்.
தமிழில் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கிறது.
இது விளையாட்டில்லடா, மார்க் போயிரும் என்றேன்.
தேடி வர்றவங்க கொஞ்சம் சிரிக்கட்டுமே லா என்றான்.

ஏப்ரலில் வகுப்புக்கு வருவதை நிறுத்தினான்.
பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் இரவு ஷிப்ட்டாம்.
ஏன் என்று குழுவில் போட்டதற்கு
கட்டைவிரல் ஒன்று வந்தது.
அதற்கு மேல் நாங்களும் கேட்கவில்லை.

பட்டியலில் மூன்று பெயர்தான் இருக்க வேண்டும்,
படிப்பை விட்டவர் பெயர் கூடாது
என்றார் புவான் சல்பியா.

படைக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு,
மாமாக் கடை மேசையில், ஐஸ் கரைந்த தே ஓ பக்கத்தில்,
பயனர் பக்கத்தைத் திறந்து
'நீக்கு' என்பதை அமுக்கினேன்.
சிஸ்டம் அவசரப்படாமல் கேட்டது:
இவருடைய முப்பத்தோரு பதிவுகளை என்ன செய்வது?
எல்லாவற்றையும் அழிக்கவா?
வேறொருவர் பெயருக்கு மாற்றவா?

மூன்றாவதாக ஏதும் இருக்கிறதா என்று
கீழே தள்ளிப் பார்த்தேன்.
பக்கம் முடிந்திருந்தது.

என் பெயருக்கு மாற்றினேன்.

புவான் சல்பியா குடைக்குச் சிரித்தார்.
ஹெல்மெட்டுக்கு மேசையைத் தட்டினார்.
சப்பாத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.
யார் எழுதியது?
திரையில் வரிக்கு வரி என் பெயர்.
சீ ஹாவ் தன் செருப்பைப் பார்த்தான்.
நூரின் என்னைப் பார்த்தாள்.
குழுவாக எழுதினோம், புவான்.
ஏ மைனஸ்.

மாலையில் அவனிடமிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட்.
ஃபெர்ரியில் எடுத்தது, கரை ஏறி அனுப்பியிருக்கிறான்.
மேல் மூலையில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.
நடுவில் எங்கள் செயலி.
கறுப்புக் குடைக்குக் கீழே யுகேந்திரன்.
'நாங்கள்' பக்கத்தில் நாலு முகம்.
"ஆஃப்லைன்ல ஓடுது லோஷினி! சொன்ன மாதிரியே செஞ்சிட்ட!"

நான் எழுதிய கோடிங்தான்.
புதிய பதிப்பு வந்து சேர்ந்தாலும்
பழையது திறந்திருக்கும்வரை
வாசலில் நின்றுகொண்டிருக்கும்.
காத்திருக்காதே, உள்ளே போ என்று சொல்ல
ஒற்றை வரிக் கட்டளை ஒன்று உண்டு.
அதைச் சேர்க்க மறந்திருந்தேன்.
மறதிதான்,
வேறு காரணம் சொல்லிப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

பதில் எழுதினேன். அழித்தேன்.
உன் பெயரை நான்தான், என்று தொடங்கி அதையும் அழித்தேன்.
கடைசியில்
"அத மூடிராத" என்று மட்டும் அனுப்பினேன்.

ஏன்? என்கிறான்.

ஏழு மணிக்கு ஷிப்ட்.
போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் அவன்.
இப்போது ஆறு ஐம்பத்திரண்டு.